குளிர் ஊரில் திடீர் வெயில்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோடையிலும் 22, 23 டிகிரியைத் தாண்டாத ஊர். அடுத்த வாரம் ஐந்து நாள் 36 டிகிரி வரை போகும் என்று அறிவித்திருக்கிறார்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள மூன்றாவது மாடி வாடகை வீடு. ஏசி இல்லை. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று, சாய்கூரையில் ஒரு ஜன்னல். வீட்டில் 74 வயது அம்மா, ஐந்து மாதக் குழந்தை. ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா, ஃபேன் வாங்கினால் போதுமா என்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "வெயில் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 36 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்." எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். பதற வேண்டாம், ஆனால் வெயில் வருவதற்கு முன்பே ஏற்பாடுகளை முடித்துவிட வேண்டும்.

நான் கட்டடங்களின் வெப்பம், காற்றோட்டம், குளிரூட்டல் ஆகியவற்றைக் கணக்கிடும் பொறியாளர். கோடையில் கொதிக்கும் வீடுகளைப் போய்ப் பார்த்து, ஏன் கொதிக்கிறது என்று கண்டுபிடிப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. அதனால் வீட்டைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றிச் சொல்பவை பொதுவான மருத்துவ வழிகாட்டுதல்களில் இருப்பவை. அம்மாவுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பகுதிக்கு அவருடைய டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்க வேண்டும்.

முதலில் நண்பர்களின் சிரிப்புக்கு வருவோம். உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மை. தினமும் வெப்பத்தில் இருந்தால் ஒன்று, இரண்டு வாரங்களில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். ஆனால் இந்தப் பழக்கம் நிரந்தரச் சொத்து இல்லை. வெப்பமே படாமல் சில வாரங்கள் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். சின்ன வயதில் எத்தனை கோடையைப் பார்த்திருந்தாலும், இப்போது வருடக்கணக்கில் 20 டிகிரியில் வாழும் உடம்பு 20 டிகிரிக்குப் பழகிய உடம்புதான். ஒரு வருடத்தின் முதல் வெப்ப அலை பிந்தைய அலைகளைவிட அதிகம் பேரைப் பாதிப்பதற்கு இது முக்கியமான காரணம். வெயில் நாட்டு வீடு உங்களிடம் இல்லை என்பது இன்னொரு விஷயம். உயர்ந்த கூரை, எதிரெதிர் ஜன்னல்கள், வெயில் படாத திண்ணை, தலைக்கு மேல் ஃபேன் எல்லாம் சேர்ந்துதான் அங்கே 36 டிகிரியைத் தாங்க வைக்கின்றன. குளிர் ஊர் வீடு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே கட்டப்பட்டது. அது கோடையிலும் அதே வேலையைச் செய்யும்.

இது வெறும் அசௌகரியம் இல்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இருக்கின்றன. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000 பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பிரான்சில் மட்டும் ஆகஸ்ட் மாதத்தில் சுமார் 15,000 பேர். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. அதற்கு முன் அந்த நாட்டின் உச்சம் 45 டிகிரிதான். அந்த ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகம் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 98 பேர் கட்டடத்துக்குள்ளே இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ. பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். வெயிலில் நடந்து மயங்கி விழுந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் "அம்மா வெளியே போகவே மாட்டார், அதனால் கவலை இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதை மாற்றி யோசிக்க வேண்டும். அவர் நாள் முழுக்க இருக்கப் போகும் அறை எவ்வளவு சூடாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அறையைச் சூடாக்குவது எது? பெரும்பாலும் வெளிக்காற்று என்று நினைக்கிறோம். உங்கள் மாதிரியான வீட்டில் முதல் குற்றவாளி கண்ணாடி வழியாக வரும் வெயில். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். அது தரையிலும் சோபாவிலும் பட்டு வெப்பமாக மாறிய பிறகு வெளியே விடாது. குளிர் ஊர்கள் பூமத்திய ரேகையிலிருந்து தூரத்தில் இருப்பதால் கோடைப் பகல் மிக நீளம். மாலையில் சூரியன் தாழ்வாக, வெகுநேரம் நின்று, மேற்கு ஜன்னலில் நேராக அடிக்கும். மேகமில்லாத மாலையில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மீது 500 வாட்டுக்கு மேல் விழும். உங்கள் மேற்கு ஜன்னல் இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி திருப்பி அனுப்புவது போக மீதி உள்ளே வருவதே, சாயங்காலம் முழுக்க ஒரு ஹீட்டரை ஓடவிட்டது போலத்தான். அதுவும் வெளியே வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். அந்த நேரம் ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ள தரையைத் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிப்பது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கில், வெளிப்பந்தல் மேற்கு ஜன்னலில் வெயிலின் வெப்பத்தை 77 சதவீதம் வரை குறைக்கும். உள்ளே தொங்கும் திரை, வெள்ளைப் பிளாஸ்டிக் பின்பக்கம் வைத்த நல்ல திரையாக இருந்தாலும், 33 சதவீதம் அளவுக்குத்தான். காரணம் எளிது. உள்ளே இருக்கும் திரை வெயிலைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே இருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும்.

வாடகை வீட்டில் பந்தல் போட முடியாதுதான். ஆனால் சாய்கூரை ஜன்னல் நடுவில் சுழன்று திறக்கும் வகை என்றால் ஒரு வழி உண்டு. வெளிர் நிறத் துணியையோ நிழல்வலையையோ ஜன்னலைவிடப் பெரிதாக வெட்டி, ஜன்னலைத் திறந்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடும்படி விரித்து, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு சட்டத்தை மூடினால் துணி இடுக்கில் மாட்டி நிற்கும். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிதான் உச்சி வெயிலில் அதிகம் வாங்கும் என்பதால் இந்த ஒரு வேலைக்கே பலன் பெரிது. உள்ளே நின்றபடி கையெட்டும் தூரத்தில் செய்ய முடிந்தால் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது மாடியில் உடம்பை வெளியே நீட்டியோ, நாற்காலி மேல் ஏறியோ எதையும் செய்யக் கூடாது. பலத்த காற்று அடித்தால் எடுத்துவிடுங்கள். மேற்கு ஜன்னல் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இதே முறை அங்கும் பலிக்கும். முடியாவிட்டால் உள்ளே வெள்ளையோ பளபளப்போ உள்ள தடுப்பை வைப்பதுதான் மிச்ச வழி. அது ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். ஒரு எச்சரிக்கை: இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் அலுமினியத் தாளையோ ஃபிலிமையோ ஒட்டினால் கண்ணாடி சீரில்லாமல் சூடாகி விரிசல் விட வாய்ப்பு உண்டு. வாடகை வீட்டில் அந்த வம்பு வேண்டாம். ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். வெயில் விழுவதற்கு முன்பே மறைக்க வேண்டும், அறை சூடான பிறகு அல்ல.

சரி, திறப்பதா மூடுவதா? வெளியே உள்ளதைவிட உள்ளே சூடாக இருந்தால் திற, வெளியே அதிகமாக இருந்தால் மூடு. இவ்வளவுதான் விதி. ஆனால் இதை உடம்பின் உணர்வை வைத்து முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகிவிடும், ஏனென்றால் காற்று வீசினாலே குளிர்ச்சி போலத் தோன்றும். இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றை அம்மா இருக்கும் அறையில், வெயில் படாத இடத்தில், அவர் உட்காரும் உயரத்தில் வையுங்கள். மற்றதை வெளியே நிழலில் தொங்க விடுங்கள். நீங்கள் செலவழிக்கப் போகிற பணத்தில் இதைவிட உபயோகமானது எதுவும் இல்லை. பொதுவாகக் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் வெளிக்காற்று உள்ளிருப்பதைத் தாண்டிவிடும். அப்போது ஜன்னல், திரை எல்லாவற்றையும் மூடுங்கள். இரவு ஒன்பது, பத்துக்கு மேல் வெளியே இறங்கும். அப்போது எல்லாவற்றையும் திறங்கள். விதிவிலக்கும் உண்டு. என்ன மறைத்தும் பகலிலேயே உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும் கூரையடி வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீடு அப்படியா என்று பார்க்காமல் சொல்ல முடியாது, வெப்பமானி சொல்லிவிடும். அப்படியென்றால் நிழல் பக்கத்து ஜன்னலைப் பகலிலும் திறந்து வையுங்கள்.

இரவில் திறப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து நிமிடம் திறந்தால் காற்று மாறிவிடும், அறை குளிர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் வெப்பம் காற்றில் இல்லை. சுவரிலும் தரையிலும் கட்டிலிலும் இருக்கிறது. ஜன்னலை மூடிய அரை மணியில் அது திரும்ப வெளியே வந்து அறையைச் சூடாக்கும். சுவர் ஆற ஆறு, ஏழு மணி நேரக் காற்று வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்திருந்தால்தான் மறுநாளைக்கு வீடு தயாராகும். அதைச் செய்யாத வீட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வெளியே அதே 36 டிகிரி என்றாலும், மூன்றாம் நாள் முதல் நாளைவிட உள்ளே மோசமாக இருக்கும். "முதல் ரெண்டு நாள் சமாளிச்சோம், அப்புறம் தாங்க முடியல" என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். வீட்டின் எதிர்ப்பக்கத்தில் ஜன்னல் இருந்தால் இரண்டையும் திறந்து, நடுவில் உள்ள கதவுகளை ஏதாவது வைத்து முட்டுக் கொடுங்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் உங்கள் கூரை ஜன்னல் இரவில் மிக நல்ல வெளிவாசல். பகலில் எதிரியாக இருந்தது இரவில் துணையாகும். காற்று நகர்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய காகிதக் கீற்றைக் கீழ் ஜன்னலில் பிடியுங்கள். உள்பக்கம் சாய்ந்தால் காற்று வருகிறது. அசையாமல் தொங்கினால் ஒரு ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்துச் சூட்டை வெளியே தள்ளுங்கள், மற்ற ஜன்னல் வழியாகக் குளிர்காற்று தானாக வரும். படுக்கும் முன் ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்த ஜன்னலுக்குப் பூட்டும் தடுப்பும் இருக்கிறதா என்பதை வெயில் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

புதிய கட்டடமாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர் ஊர்களின் புதிய வீடுகளில், வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்ட இயந்திரம் இருக்கும். இரவில் அது வேலை செய்தால் வெளியிலிருந்து வரும் குளிர்காற்றைச் சூடாக்கி அனுப்பும். அதில் பெரும்பாலும் "சம்மர் பைபாஸ்" என்ற அமைப்பு, அதாவது வெப்பத்தைச் சேர்க்காமல் வெளிக்காற்றை நேராக உள்ளே விடும் வழி, இருக்கும். அது இயங்குகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கோடையிலும் ஏதோ ஒரு ரேடியேட்டரோ, டவல் காயவைக்கும் கம்பியோ சூடாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கையால் தொட்டுப் பார்த்து அணைத்துவிடுங்கள். மின்சாரத்தில் ஓடும் எதுவும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் சேரும். சமையல் ஓவன், துணி உலர்த்தி, பெரிய கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து நாள் ஓய்வு கொடுங்கள்.

இனி ஃபேன். ஃபேன் அறையைக் குளிர வைக்காது. அதன் மோட்டார் உண்மையில் கொஞ்சம் சூடாக்கவே செய்யும். அது செய்வது தோலின் மேலிருக்கும் ஈரத்தை வேகமாக ஆவியாக்குவது. ஆகவே ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடத் தேவையில்லை. எவ்வளவு சூடு வரை ஃபேனை நம்பலாம் என்பதில் நிபுணர்களே ஒத்துப் போகவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறைக்குள் 32 டிகிரிக்குக் கீழே என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 40 டிகிரி வரை என்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு ஆளுக்கு ஆள் எல்லை வேறு என்றது: ஆரோக்கியமான இளையவருக்கு 39, முதியவருக்கு 38, வியர்வையைக் குறைக்கும் சில மருந்துகள் எடுக்கும் முதியவருக்கு 37. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்று உடம்பில் வெப்பத்தை ஏற்றும். வியர்வை ஆவியாகி அதைவிட அதிகமாக இறக்கினால்தான் லாபம். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு. இதையெல்லாம் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு 36 டிகிரி அறையில் வெறும் ஃபேன் உதவும். அம்மாவுக்கு வெறும் ஃபேனை மட்டும் நம்பி விடக் கூடாது, தோலை நனைத்துவிட்டு ஃபேன் போட வேண்டும்.

நனைப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ஒரு லிட்டர் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுப்பது 334 கிலோஜூல். ஏழில் ஒரு பங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதைக் கொண்டுபோக மணிக்கு 150 மில்லி நீர் ஆவியானால் போதும், ஒரு சின்ன டம்ளர் அளவு. பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை எடுத்து, கை, கால், கழுத்து, முகம் என்று பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தெளித்து, ஃபேன் முன்னால் உட்கார வையுங்கள். ஈரச் சட்டை போட்டுக்கொண்டாலும் சரி. அம்மா வியர்க்காவிட்டாலும் அவர் உடம்பு செய்ய வேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்துவிடும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் பலன் குறையும். அதனால் அறையில் ஈரத் துணிகளைத் தொங்கவிட்டு ஜன்னலை அடைத்து வைக்காதீர்கள். ஈரம் உடம்பில் இருக்கட்டும், அறையில் வேண்டாம்.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் பாத்திரம் வைக்கும் யோசனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி எடுக்கும் வெப்பத்தை உங்கள் மேற்கு ஜன்னலில் விழும் வெயில் ஆறு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும். போதாததற்கு, அந்த ஐஸை உறைய வைக்கும்போது உங்கள் ஃப்ரீசர் அதைவிட அதிக வெப்பத்தைச் சமையலறையில் கொட்டியிருக்கும். முகத்துக்கு நேரே வைத்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். காலைத் தண்ணீரில் வைத்திருப்பதும் சுகம் தரும். ஆனால் உடம்பின் உள்வெப்பத்தை அது பெரிதாக இறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெதுவெதுப்பைவிடச் சற்றுக் குளிர்ந்த நீரில் குளிப்பது, ஈரம் துவட்டாமல் ஃபேன் முன் உட்காருவது, இவை நிச்சயம் பலன் தரும்.

நகர்த்தும் ஏசி வாங்கலாமா? அம்மாவையும் குழந்தையையும் நினைத்தால், கையில் பணம் இருந்தால், வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் தெரிந்து வாங்குங்கள். வெப்பத்தை வெளியே தள்ளக் குழாய் இல்லாத பெட்டி ஏசி இல்லை. அது தண்ணீரை ஆவியாக்கும் கூலர். ஒற்றைக் குழாய் ஏசி அறையின் காற்றையே எடுத்து வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்ப மற்ற இடுக்குகள் வழியாகச் சூடான காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். இரட்டைக் குழாய் வகை மேல். எது கிடைத்தாலும், ஒரே ஒரு சிறிய அறையில், கதவை மூடி, குழாயைக் குட்டையாக வைத்து, ஜன்னல் இடுக்கை அட்டையாலும் டேப்பாலும் அடைத்து ஓட்டுங்கள். வீடு முழுக்கக் குளிர வைக்க முயன்றால் எந்த அறையும் குளிராது. அறிவிப்பு வந்த பிறகு கடைகளில் தீர்ந்துவிடும் என்பதால் இன்றே பார்ப்பது நல்லது.

ஏசி கிடைக்காவிட்டாலும் ஓர் அறையை எல்லாருக்கும் குளிர் அறையாக முடிவு செய்துவிடுங்கள். வெயில் படாத பக்கம், கூரை ஜன்னல் இல்லாதது. ஐந்து நாளும் படுக்கை அங்கேதான். கீழ்த்தளத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் கூச்சப்படாமல் பேசி வையுங்கள். ஒரே கட்டடத்தில் மேல் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருப்பது உடம்புக்கு நல்ல ஓய்வு என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நூலகமோ, ஏசி உள்ள எந்தப் பொது இடமோ போதும், ஆனால் காலையில் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். எப்போது வீட்டை விட்டே கிளம்புவது என்பதற்கு ஒரு கோடு வேண்டும் என்றால், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021-க்குப் பிறகு சொல்லப்படும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் 26 டிகிரி வரை பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பு. 31-ஐத் தாண்டினால் முதியவர், நோயாளி போன்றவர்களுக்கு ஆபத்து. உங்கள் வெப்பமானி மாலையில் 31 காட்டி, இரவிலும் இறங்காவிட்டால், அம்மாவையும் குழந்தையையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இதில் "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" வேண்டாம்.

அம்மாவைப் பற்றி. வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். அதனால் கேட்கும்போது கொடுப்பது என்றில்லாமல், பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்து மணிக்கு ஒரு முறை சில மடக்கு குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லலாம். சரியாகச் சாப்பிடுகிறவருக்குத் தனியாக உப்பு தேவைப்படாது. கட்டுக்கடங்காமல் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், இந்த வாரம் என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். சிறுநீர் போக்கும் மாத்திரை, சில இரத்த அழுத்த மருந்துகள், மனநல மருந்துகள், லித்தியம், தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், இவையெல்லாம் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கக் கூடியவை. தானாக நிறுத்தக் கூடாது. பட்டியலை எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் இப்போதே பேசுங்கள். மருந்துகளையும் பாருங்கள், பலவற்றை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும்.

குழந்தைக்கு இன்னும் ஆறு மாதம் ஆகாததால் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலோ பால்பொடிப் பாலோ, அடிக்கடி கொடுத்தால் போதும். டயப்பரும் மெல்லிய சட்டையும் தாராளம், பகலில் வெறும் டயப்பர்கூடப் போதும். கைகால் அல்ல, முதுகையும் கழுத்தின் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுங்கள். தள்ளுவண்டி மேல் காய்ந்த துணியைப் போர்த்துவது நிழல் போலத் தெரியும், ஆனால் காற்று நின்று உள்ளே சூடு ஏறும். அதைச் செய்யாதீர்கள். நிறுத்திய காரில் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும், ஒரு நிமிட வேலைக்குக்கூட விட்டுப் போக வேண்டாம். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, ஈர டயப்பர் குறைந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு அடையாளத்தை மட்டும் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தலைவலி, களைப்பு, தலைசுற்றல், குமட்டல் என்றால் குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, நனைத்து, ஃபேன் போட்டு, குடிக்கக் கொடுத்தால் அரை மணிக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் உதவி கூப்பிடுங்கள். ஆனால் பேச்சு குழறினால், நாள் கிழமை தெரியாமல் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு வெப்பம் பெரும்பாலும் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றி, ஃபேனைப் பாய்ச்சுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, இது காய்ச்சல் இல்லை. வெப்பநாட்களில் அம்மாவோடு காலையும் மாலையும் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுங்கள். தடுமாற்றத்தின் தொடக்கம் பேச்சில்தான் தெரியும். உங்கள் மாடியில் தனியாக இருக்கும் முதியவர் இருந்தால் அவர் கதவையும் தட்டுங்கள்.

நீங்கள் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் மேற்கு ஜன்னலில் வெயில் விழுந்துவிடும் என்பதால், காலையில் கிளம்பும்போதே மறைத்துவிட வேண்டும். மேற்கு ஜன்னல் உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, கூரை ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எதிர்ப்பக்கத்தில் வேறு ஜன்னல் உண்டா என்று எழுதுங்கள். எந்த அறையைக் குளிர் அறையாக வைப்பது, இரவில் ஃபேனை எங்கே நிறுத்துவது என்று குறிப்பாகச் சொல்கிறேன்.